எழுபத்தைந்து கேள்வியும் மூன்று நாற்காலியும்

சென்ற மாதம் வாசகர் வட்டக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். மூத்த தோழர் ஒருவர், எண்பதுகளிலிருந்து இயக்கத்தில் இருப்பவர், மூன்று முறை சிறைக்குப் போனவர், எல்லோர் முன்னாலும் கேட்டார்:

"ஏன் தம்பி, ஞாயித்துக்கிழமையானா நம்ம பிள்ளைங்கள உக்கார வச்சி நுழைவுத் தேர்வுக்குக் கோச்சிங் குடுக்கிறியாமே. அது பார்ப்பான் வச்ச பரீட்சை. அத ஒழிக்கணும்னு சொல்றமா, அதுல பாஸ் பண்ணணும்னு சொல்றமா? இயக்கம் என்ன ட்யூஷன் சென்டரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். கடைசி பஸ் ஒன்பது பத்துக்கு. பதில் சொல்ல நேரமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். தோழர் இந்த இதழைத் தவறாமல் படிப்பவர்.

அவர் சொன்னதில் பாதி உண்மை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அந்தப் பாதியைப் பேசி முடித்துவிட்டு மீதிப் பாதிக்காகச் சண்டை போடலாம்.

எங்கள் சேரியில் அம்பேத்கர் படிப்பகத்தின் பின்னறையில் ஞாயிறு காலை பத்து மணிக்கு உட்காருகிறோம். பதினொரு பேர். எல்லோரும் அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ் வழியில் பி.ஏ. முடித்தவர்கள் அல்லது முடிக்கப்போகிறவர்கள். இவர்கள் பெரும்பாலான மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. சேரவேண்டுமானால் சியூஇடி-பிஜி என்கிற ஒரே தேர்வை எழுதவேண்டும். 2022-லிருந்து இப்படி. அதற்கு முன் பல பல்கலைக்கழகங்கள் தனித்தனியாகத் தேர்வு வைத்தன. இப்போது நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல், ஒரே கம்ப்யூட்டர் திரை. 2025-ல் 75 கேள்வி, 90 நிமிடம். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு.

கேள்வி எந்த மொழியில் என்று கேளுங்கள். பட்டப்படிப்பில் சேருவதற்கான சியூஇடி தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். அதே அமைப்பு நடத்தும் முதுகலைத் தேர்வில் மொழிப் பாடங்களைத் தவிர்த்தால் ஆங்கிலமும் இந்தியும் மட்டும்தான். பதினெட்டு வயதில் தமிழில் யோசித்த மூளை இருபத்தோரு வயதில் ஆங்கிலத்துக்கோ இந்திக்கோ மாறிவிடும் என்று இந்த மேதைகள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

நான் வங்கியில் எழுத்தராக இருப்பவன். பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் தேர்வைத் தமிழில் எழுதலாம் என்று 2021-ல் நிதி அமைச்சகம் முடிவு செய்தது. 13 வட்டார மொழிகள். ஆக, அடுத்தவன் பணத்தை எண்ணிக் கொடுக்கத் தமிழ் போதும். வரலாறு படிக்க, சமூகவியல் படிக்க, அரசியல் படிக்கத் தமிழ் ஆகாது. எந்த நாற்காலி எவனுக்கு என்று முன்பே ஒதுக்கி வைத்திருப்பதை இதைவிட வெளிப்படையாக யாரும் சொல்ல முடியாது.

நான் இருப்பது திருவாரூர்ப் பக்கம். 2009-ல் தொடங்கிய தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பஸ்ஸில் போனால் கட்டடம் தெரியும். அதன் முதுகலைச் சேர்க்கையும் இந்தத் தேர்வின் வழியேதான். கூலி விவசாயி மகள் தன் வயலுக்கு எதிரே இருக்கிற பல்கலைக்கழகத்துக்குள் நுழைய டெல்லியின் மொழியில் பதில் சொல்லியாகவேண்டும்.

எங்கள் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். வரலாற்று மாணவி. காரன்வாலிஸ், 1793, நிரந்தர நிலவரித் திட்டம், அதனால் வங்காளத்து விவசாயிக்கு என்ன ஆனது, தெற்கே மன்றோ ஏன் வேறு முறையைக் கொண்டுவந்தான் என்று அரைமணி நேரம் நிறுத்தாமல் சொல்லுவாள். மாதிரித் தாளில் 'பெர்மனன்ட் செட்டில்மென்ட்' என்று வந்ததும் பேனாவை வைத்துவிட்டாள். "எங்கயோ போய்க் குடியேறி நிரந்தரமா தங்கினவங்களப் பத்திக் கேக்கிறாங்களாண்ணே?" என்றாள். அகராதி அப்படித்தான் சொல்லும். அவள் தப்பாகப் படிக்கவில்லை.

விஷயம் தெரிந்தவள், விடை தெரிந்தவள், ஆனால் திரை அவளுக்கு மைனஸ் ஒன்று போடும். மறுநாள் யாரோ ஒருவன் அதற்குத் 'தகுதியின்மை' என்று பெயர் வைப்பான்.

இது புதிய தந்திரம் இல்லை. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் தன் சிப்பாய்களின் அறிவை அளக்கிறேன் என்று சுமார் பதினேழரை லட்சம் பேருக்குத் தேர்வு வைத்தது. அதில் ஒரு கேள்வி: கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா? கிரிஸ்கோ என்றால் நம்மூர் டால்டா மாதிரி ஒரு சமையல் கொழுப்பு. அமெரிக்க மளிகைக் கடையில் சாமான் வாங்கியவனுக்குத் தெரியும். இத்தாலியிலிருந்தோ ரஷ்யாவிலிருந்தோ நேற்று கப்பலில் வந்து இறங்கியவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாதவனை மந்தபுத்தி என்றார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கார்ல் பிரிகாம் இந்த மதிப்பெண்களை வைத்து 1923-ல் ஒரு புத்தகமே எழுதினார். வட ஐரோப்பிய வெள்ளையன் மேல், தெற்கு, கிழக்கு ஐரோப்பியன் கீழ், கறுப்பன் அதற்கும் கீழ். மனு எழுதாமல் விட்ட அத்தியாயத்தை இவர் எழுதினார். அதே பிரிகாம்தான் 1926-ல் எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை உருவாக்கியவர். ஏ, பி, சி, டி தேர்வுகளின் வம்சாவளியை மேலே தேடிப் போனால் இந்த வீட்டில்தான் கதவைத் தட்டவேண்டியிருக்கும். 1930-ல் அவரே தன் முடிவுகள் ஆதாரமற்றவை என்று எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆள் பின்வாங்கினார், அவர் செய்துவைத்த தேர்வு பின்வாங்கவில்லை.

நம்மிடம் கிரிஸ்கோவைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நான் பார்த்த மாதிரித் தாள்களில் மன்சப்தாரி முறை திரும்பத் திரும்ப வருகிறது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் பறையர்களின் நிலை பற்றிக் கொடுத்த அறிக்கையோ, அதையொட்டி 1892-ல் வந்த பஞ்சமி நில ஒதுக்கீடோ ஒரு தாளிலும் இல்லை. 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இல்லை. அந்தத் தங்கச்சியின் தாத்தா பஞ்சமி நிலத்துக்காகத் தாலுகா ஆபீஸில் நடையாய் நடந்தவர். அவள் வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்கிற காகிதம் வரலாறு இல்லையாம். அக்பர் எத்தனை குதிரைக்கு எத்தனை சம்பளம் கொடுத்தான் என்பது வரலாறாம்.

இந்த இடத்தில் 'தகுதி, திறமை' என்று தொண்டை கிழியக் கத்துகிறவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. 1990-ல் மண்டல் அறிவிப்பு வந்தபோது டெல்லித் தெருவில் உட்கார்ந்து செருப்புக்கு பாலிஷ் போட்டுக் காட்டினார்களே, தகுதி உள்ளவர்களுக்கு இனி இந்த வேலைதான் கிடைக்கும் என்று. அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவனுக்குத் திறமை கிடையாது என்பது அந்த நாடகத்தின் வசனம். அவர்களுடைய தகுதி எங்கே விளைகிறது என்று எனக்குத் தெரியும். நான் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன். மே, ஜூன் மாதங்களில் பயிற்சி மையங்களுக்கு ஒன்றரை லட்சம், ஒன்றேமுக்கால் லட்சம் என்று நெஃப்ட் படிவம் எழுதிக்கொண்டு அப்பாக்கள் வரிசையில் நிற்பார்கள். பக்கத்துக் கவுண்டரில் நகைக்கடன். அங்கே இரண்டு கிராம் தோட்டைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு எங்கள் தெரு அம்மா நிற்பார். 2025-ல் இந்தத் தேர்வுக்கு இரண்டு தாள் வரைக்கும் பொதுப் பிரிவினருக்கு 1,400 ரூபாய், பட்டியல் சாதியினருக்கு 1,100. சலுகைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 2025-26-ல் நூறு நாள் வேலையின் தினக்கூலி தமிழ்நாட்டில் 336 ரூபாய். மூன்று நாள் மண் சுமந்தாலும் விண்ணப்பம் போட முடியாது. அதற்குமேல் தேர்வு மையம் இருக்கிற ஊருக்குப் பஸ், சாப்பாடு, துணைக்கு வருகிற அப்பாவின் ஒருநாள் கூலி. இந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு நான் தினமும் பார்ப்பது தகுதியின் கொள்முதல் விலை.

இதுவரை தோழர் தலையாட்டியிருப்பார். இனிதான் தகராறு.

ஆக, இந்தத் தேர்வைப் புறக்கணிக்கலாமா? தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022 ஏப்ரலில் சியூஇடியை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. நல்லது. அதற்குப் பிறகு எத்தனை பேர் தெருவுக்கு வந்தோம்? நீட்டுக்கு எதிராக ஊர் ஊராய் நின்றோம், அனிதாவுக்காக அழுதோம், இன்றும் அழுகிறோம். எம்.ஏ. சீட்டுக்கும் பி.எச்டி. சீட்டுக்கும் ஒரு சுவரொட்டி கூட ஒட்டவில்லை. டாக்டர் சீட் என்றால் மாநில உரிமை. வரலாறு எழுதுகிற சீட் என்றால் யாருக்கும் அக்கறையில்லை. நம்மைப் பற்றி யார் ஆராய்ச்சி செய்கிறார்கள், யார் புத்தகம் போடுகிறார்கள், யார் பாடத்திட்டம் எழுதுகிறார்கள் என்று இதே இதழில் பக்கம் பக்கமாய்த் திட்டுகிறோம். அந்த நாற்காலிக்குப் போகிற வழி இந்த 90 நிமிடத்தின் ஊடாகத்தான் போகிறது. புறக்கணித்தால் நஷ்டம் அவனுக்கு இல்லை. வகுப்பறையில் நம் பிள்ளை இல்லாவிட்டால் அவனுக்கு நிம்மதி.

ஆனால் நான் சொல்லவந்தது இதுகூட இல்லை. தேர்வை ஒழித்துவிட்டால் அதற்குப் பதிலாக என்ன வரும் என்று தோழர் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் என்னைக் கேட்டிருக்கமாட்டார். எனக்கு அது தெரியும். அனுபவத்தில் தெரியும்.

2011. பி.ஏ. முடித்திருந்தேன். வடக்கே ஒரு பெரிய கல்வி நிறுவனம், பெயர் வேண்டாம், எம்.ஏ. சேர்க்கைக்கு எழுத்துத் தேர்வு வைத்தது. எழுதினேன். பெயர் இல்லை, எண் மட்டும். கட்டுரை வடிவக் கேள்விகள். உடைந்த ஆங்கிலத்தில் எழுதினேன், ஆனாலும் நிலத்தைப் பற்றி எழுதினேன், யார் உழுதார்கள் யார் உண்டார்கள் என்று எழுதினேன். கூப்பிட்டுவிட்டார்கள். பதிவு செய்யாத பெட்டியில் இரண்டு ராத்திரி நின்றும் உட்கார்ந்தும் போனேன்.

அறையில் மூன்று நாற்காலி. மூன்று பேர். நடுவில் இருந்தவர் சான்றிதழைப் பார்த்து மலர்ந்தார். "ஓ, திருவாரூர்! சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த ஊர் ஆயிற்றே! சங்கீதம் கற்றிருக்கிறீர்களா?" கெட்ட மனுஷர் இல்லை. அன்பாகத்தான் கேட்டார். நான் "நோ சார்" என்றேன். எங்கள் ஊரிலும் இசை உண்டு சார், சாவுக்கும் சாமிக்கும் என் அப்பா பறை அடித்தார், அதை நிறுத்தச் சொல்லி ஒரு போராட்டமே நடந்தது, அதைப் பற்றி ஒருமணி நேரம் பேசுவேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அடுத்தவர் சான்றிதழில் சாதியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். அப்பா என்ன செய்கிறார் என்று மூன்றாமவர் கேட்டார். கூலி என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொன்னேன் என்று இன்றும் ஞாபகம் இல்லை. ஆறு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு மதிப்பெண் வாங்கினேன். எழுத்துத் தேர்வு 70-க்கு 51. நேர்முகம் 30-க்கு 4.

தாள் என்னைப் பார்க்கவில்லை, அதனால் 51 போட்டது. நாற்காலி பார்த்தது.

பிறகு ஐந்து வருஷம் ஜெராக்ஸ் கடை, செல்போன் கடை. 2016-ல் வங்கி எழுத்தர் தேர்வுக்கு நேர்முகத் தேர்வை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த வருஷம் எழுதினேன், அந்த வருஷமே கிடைத்தது. என் தகுதி ஐந்து வருஷத்தில் வளரவில்லை. நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். கவிதை எழுதுகிறவன் வங்கியில் என்ன செய்கிறாய் என்று நண்பர்கள் கேலி பேசுவார்கள். என் முகத்தைப் பார்க்காமல் வேலை கொடுத்த ஒரே இடம் அதுதான் என்று சொல்வேன்.

என் ஒருவன் கதையாக இதை விட்டுவிட முடியாது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர் சேர்க்கையில் எழுத்துக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று இருந்த காலம். எழுத்தில் ஒரு மதிப்பெண், நேர்முகத்தில் இன்னொரு மதிப்பெண் என்று ஒரே ஆள் இரண்டு ஆளாகிறாரே, ஏன் என்று மாணவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்துல் நஃபே தலைமையில் போடப்பட்ட குழு நான்கு வருஷச் சேர்க்கைக் கணக்கைப் பார்த்துவிட்டு 2016-ல் அறிக்கை கொடுத்தது. எழுத்துக்கும் நேர்முகத்துக்கும் இடையிலான வித்தியாசம் பாகுபாட்டைக் காட்டுகிறது, நேர்முகத்தை 30-லிருந்து 15 ஆகக் குறையுங்கள் என்றது. அதே 2016-ல் பல்கலைக்கழக மானியக் குழு என்ன செய்தது? எழுத்துத் தேர்வில் 50 விழுக்காடு எடுத்தால் உள்ளே வரலாம், அதற்குமேல் முடிவு முழுக்க நேர்முகத்தின் கையில் என்று விதி போட்டது. முப்பதைப் பதினைந்தாக்கு என்று கேட்டவனுக்கு நூறாக்கிக் கொடுத்தார்கள். பின்தங்கிய மாவட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே கூடுதல் மதிப்பெண் உண்டு. 1983-க்குப் பின் ஒருமுறை பறிபோய், தொண்ணூறுகளில் மாணவர்கள் போராடி மீட்டது அது. 2017-ல் ஆராய்ச்சிச் சேர்க்கையில் அதையும் பறித்தார்கள். இடங்களையும் வெட்டினார்கள்.

சேலத்து முத்துக்கிருஷ்ணன் அந்த வளாகத்தில் வரலாற்று ஆய்வு மாணவர். கிட்டத்தட்ட என் வயது. அங்கே இடம் கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப நுழைவுத் தேர்வு எழுதியவர். கிடைத்த வேலையைச் செய்து எறும்பு போலக் காசு சேர்த்து, ரயிலில் சாப்பிடாமல் வந்து எழுதியதை அவரே பதிவு செய்திருக்கிறார். ஆங்கிலம் சரியாக வராமலே முதலில் எழுதியதாகவும் சொல்லியிருக்கிறார். 2017 மார்ச் 13 அன்று டெல்லி முனிர்காவில் ஒரு நண்பர் வீட்டு அறையில் பிணமாகக் கிடந்தார். அதற்குச் சில நாள் முன்பு அவர் எழுதிய கடைசிப் பதிவு காதலைப் பற்றியதோ கடனைப் பற்றியதோ இல்லை. ஆராய்ச்சிச் சேர்க்கையில் சமத்துவம் இல்லை, நேர்முகத்தில் சமத்துவம் இல்லை, அது மறுக்கப்படும்போது எல்லாமே மறுக்கப்படுகிறது என்பதுதான் அதன் சாரம். அவர் உடல் சேலத்துக்கு வந்தபோது போயிருந்தவர்கள் நம் வட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் தேர்வை ஒழி என்று சொல்லிக் கேட்டதில்லை. நாற்காலியை ஒழி என்கிறார்கள்.

2018-ல் டெல்லி உயர்நீதிமன்றம் நூறு விழுக்காடு நேர்முக விதியை ரத்து செய்தது. பிறகு 70:30 வந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தோம். இந்தா, திரும்பவும் வந்துவிட்டது. 2024-லிருந்து பி.எச்டி. சேர்க்கைக்கும் நெட் தேர்வு மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த ஏற்பாட்டில் சாதாரணமாகத் தேறியவனுக்குத் தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30. ஆனால் எல்லோரையும் முந்தி ஜேஆர்எஃப் உதவித்தொகைக்கே தேறியவனுக்கு? அவனுக்கு நேர்முகம் மட்டும்தான். அதிகம் எடுத்தவனின் மதிப்பெண்ணை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வெறும் ஆளாய் உள்ளே வா என்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவுக்குள் வா என்ற பழைய சட்டம் ஞாபகம் வருகிறதா, வரவில்லையா?

அந்த 2024-லேயே ஜூன் 18 அன்று ஒன்பது லட்சம் பேர் நெட் எழுதினார்கள். மறுநாள் ரத்து. வினாத்தாள் கசிந்ததாகச் சந்தேகம். ஆகஸ்டு, செப்டம்பரில் மறுபடி எழுத வைத்தார்கள். எங்கள் படிப்பகத்துத் தம்பி ஒருவன் ஜவுளிக்கடையில் லீவு சொல்லிவிட்டுப் போய் எழுதினான். இரண்டாவது முறை லீவு கேட்டதும் முதலாளி கணக்கை முடித்துவிட்டார். கசியவிட்டதாகச் சொல்லப்பட்டவனுக்கு என்ன தண்டனையோ தெரியாது. எழுதியவனுக்குத் தண்டனை கிடைத்தது.

ஆகவே தோழர், நம் சண்டை எதன்மீது என்பதில் தெளிவு வேண்டும். பெயர் தெரியாத தாளின் பின்னால் நின்று எழுதுகிற உரிமை நமக்கு வேண்டும். அதை விட்டுக்கொடுத்துவிட்டு 'மதிப்பெண் மனிதனை அளக்காது' என்று தத்துவம் பேசினால், அடுத்து வந்து உட்காருவது சிபாரிசுக் கடிதமும் குடும்பப் பெயரும் சங்கீத ஞானமும்தான். நாம் எதிர்க்கவேண்டியது இவற்றை: தமிழில் கேள்வி இல்லாததை. எழுதிக் காட்டுகிற கட்டுரைத் தாளை எடுத்துவிட்டு நாலு வட்டத்தில் ஒன்றைத் தொடச் சொன்னதை. (ஜேஎன்யூ தன் பழைய தேர்வைக் கைவிட்டு இந்தத் திரைக்கு மாறியது 2019-ல்.) கடைசி வாசலில் இன்னமும் அந்த மூன்று நாற்காலியைப் போட்டு வைத்திருப்பதை. இந்தச் சண்டை நடக்கிறவரை, இந்த வருஷம் இருபத்தோரு வயதாகிற பிள்ளை காத்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை.

அம்பேத்கர் படத்தின் கீழே உட்கார்ந்து இதைச் செய்யலாமா என்றுகூட ஒருவர் கேட்டார். பாபாசாகேப் 1907-ல் மெட்ரிகுலேஷனில் எடுத்தது 750-க்கு 282. 1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு கொலம்பியா போனார். ஜிஆர்இ என்ற தேர்வு அப்போது பிறக்கவே இல்லை, அது முப்பதுகளின் சரக்கு. இன்றைக்கு இருந்தால் 282-ஐ வைத்துக்கொண்டு எந்த வாசலில் நின்றிருப்பார் என்று நினைத்துப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

என்ன சொல்லிக்கொடுக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரகசியம் ஒன்றுமில்லை. முதல் மாதம் மௌஸ். சிரிக்காதீர்கள். எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது, மௌஸைத் தொட்டவர்கள் பதினொரு பேரில் மூன்று பேர். வங்கியில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை ஏலத்தில் எடுத்துவந்து போட்டிருக்கிறேன். பதில் போட்டால் கட்டம் பச்சையாகும், பார்த்துவிட்டு விட்டால் சிவப்பு, பிறகு பார்க்கலாம் என்று குறித்தால் ஊதா. இதெல்லாம் பட்டணத்துப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவது, ஒரு நீள நோட்டு. இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆங்கிலச் சொல். நிலவுடைமை, நிரந்தர நிலவரி, வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம், உபரி மதிப்பு. இதுவரை 900 சொல் சேர்ந்திருக்கிறது. எங்கள் பிள்ளைகள் தாங்களே எழுதிய அகராதி. வேண்டுமென்கிறவர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்து அனுப்புகிறோம், தபால் செலவு மட்டும் போதும்.

மூன்றாவதுதான் கடினம். தெரியாத கேள்வியை எங்கள் பிள்ளைகள் தொடவே மாட்டார்கள். மைனஸ் ஒன்று என்றதும் கை பின்னால் போய்விடும். 75-ல் 30 கேள்வியைக் காலியாக விட்டுவிட்டு வருவார்கள். பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். நாலு கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தால் சராசரியாக ஒன்று சரி, நாலு மார்க். மூன்று தப்பு, மூன்று மார்க் போச்சு. மிச்சம் ஒன்று. நாலு விடையில் ஒன்று நிச்சயம் தப்பு என்று தெரிந்துவிட்டால் இன்னும் லாபம். கணக்கு எல்லோருக்கும் புரிந்தது. அடுத்த வாரம் மாதிரித் தேர்வில் அதே 30 காலி. "தெரியாததத் தொட்டா தப்பில்லியாண்ணே" என்றான் ஒருத்தன். தொடாதே, தொடாதே என்று எத்தனை தலைமுறை சொல்லி வளர்த்த கை அது! பயிற்சி மையத்துக்கு ஒன்றரை லட்சம் கட்டிய பிள்ளை கூசாமல் தொடுகிறது. நானும் நாலு மாதமாகச் சொல்கிறேன். போன ஞாயிறு காலி 30-லிருந்து 12-க்கு வந்திருக்கிறது. தங்கச்சி 4 தான் விட்டிருந்தாள்.

போன வருஷம் ஏழு பேர் எழுதி இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. இரண்டு பேரும் இப்போது விடுதியில் இருக்கிறார்கள். ஐந்து பேர் இந்த வருஷமும் எழுதுகிறார்கள்.

அடுத்த மாதத்திலிருந்து நேர்முகத் தேர்வுப் பயிற்சியும் தொடங்குகிறோம், பி.எச்டி.க்கு முயற்சி செய்கிற மூன்று பேருக்காக. படிப்பகத்தில் மூன்று நாற்காலி போடுவோம். உட்கார்ந்து, முகத்தை இறுக்கிக்கொண்டு, ஊரைப் பற்றியும் அப்பாவின் தொழிலைப் பற்றியும் ஆங்கிலத்தில் கேள்வி கேட்க ஆள் வேண்டும். பிள்ளைகள் தடுமாறாமல், தலை குனியாமல், பறையைப் பற்றியும் பஞ்சமி நிலத்தைப் பற்றியும் பதில் சொல்லிப் பழகவேண்டும். போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் நாற்பது வருஷமாகக் கேள்வி வாங்கியவர் நம் தோழர். கேள்வி எப்படிக் குத்தும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? நடு நாற்காலியை அவருக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை பத்து மணி. டீ நான் வாங்கித் தருகிறேன்.